திருமண்ணுக்கு ஒரு முட்டு

"கோப்பில் பிழையில்லை" என்று கணினி அறிவித்துவிட்ட பிறகும் மனிதர் ஒருவர் உட்கார்ந்து எதைத் தேடுகிறார் என்று இத்தொழிலுக்கு வரும் இளையோர் என்னிடம் கேட்பதுண்டு. விடை சொல்லத் தொடங்கினால் பாதியிலேயே கைப்பேசியை எடுத்துவிடுகிறார்கள். ஆகவே எழுத்தில் வைக்கிறேன். வேறொரு காரணமும் உண்டு. திருப்பதியில் அலிபிரி சாலையை ஒட்டிய ஒரு வீட்டின் வாயிற்கதவைப் பற்றி எங்கள் தொழில்வட்டாரத்தில் ஒரு கதை உலவுகிறது. ஓர் ஐயங்கார் குடும்பத்தின் பிடிவாதத்தால் ஒரு பகற்பொழுது வேலை கெட்டது என்பதே அக்கதை. வேலை கெட்டது உண்மை. கெடுத்தது யாருடைய பிடிவாதமும் அன்று. நடந்ததை நடந்தபடி பதிவு செய்ய இப்போது என்னைத் தவிர வேறெவர்க்கும் ஆர்வமில்லை.

1. என் வேலை

சித்தூரில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துநராகத் தொடங்கியவன் நான். அச்செழுத்து போய் ஆஃப்செட் வந்தது. அதன்பின் ஃபிளெக்ஸ் வந்தது. இறுதியில் உலோகத் தகட்டைக் காகிதம்போல் வெட்டும் லேசர் வந்தது. கருவிகள் மாறினவேயன்றி என் வேலை மாறவில்லை. முடிந்துவிட்டது என்று பிறர் கொண்டுவருவதை, இன்னும் முடியவில்லை என்று திருப்பி அனுப்புவதே அவ்வேலை. இதனால் ஒருவருக்கு நண்பர்கள் பெருகுவதில்லை.

வெக்டர் என்பது புள்ளிகளாலும் அவற்றை இணைக்கும் கோடுகளாலும் அமைந்த படம். அச்சு இயந்திரம் அதில் நிறத்தைப் பார்க்கும். வெட்டும் இயந்திரமோ கோட்டை மட்டுமே பார்க்கும். கோடு சென்ற வழியெல்லாம் வெட்டும். ஒரே கோடு ஒன்றன்மேல் ஒன்றாக இருமுறை கிடந்தால் இருமுறை வெட்டித் தகட்டைக் கருக்கும். கோட்டின் தொடக்கமும் முடிவும் கூடாமல் மயிரிழை இடைவெளி இருந்தால், வெட்டிய துண்டு விழாமல் தொங்கும். எழுத்துகளை அவுட்லைனாக மாற்றாமல் அனுப்பினால், அந்த ஃபாண்ட் இல்லாத கணினியில் அவை வெறும் கட்டங்களாகிவிடும். இவற்றை எத்தனை முறை சொன்னாலும் மறுவாரம் அதே பிழைகள் அதே கைகளிலிருந்து வரும். சில வாடிக்கையாளர்கள் கைப்பேசியில் எடுத்த மங்கலான புகைப்படத்தை ஒரு வெக்டர் கோப்புக்குள் ஒட்டிவிட்டு, "வெக்டர்லதான் சார் குடுத்துக்கீறேன், நல்லாப் பாருங்க" என்பார்கள். புகைப்படத்துக்கு உறை மாற்றியதைத் தவிர அவர்கள் வேறெதுவும் செய்திருக்கமாட்டார்கள்.

இவையெல்லாம் கணினியே கண்டுபிடித்துத் தரும் பிழைகள். நான் சொல்லவந்தது கணினி கண்டுபிடிக்காத பிழை.

2. வரதன் கேட்டது

எங்கள் நிறுவனத்தின் வடிவமைப்பு அலுவலகம் திருப்பதியில். வெட்டும் இயந்திரம் சித்தூர்ப் புறநகரில். உரிமையாளர் முனிரத்தினம் பெரும்பாலும் இயந்திரத்தின் அருகிலேயே இருப்பார். அங்கிருந்து தொலைபேசியில் எங்களை விரட்டுவார். திருப்பதியில் படம் வரைபவர் லோகேஸ்வரி. நகரியைச் சேர்ந்தவர், விசைத்தறிக் குடும்பம். கை வேகமானது, கோடு தூய்மையானது. அவரிடம் நான் குறை காண்பது குறைவு. அதனால்தான் அன்று எனக்கு அத்தனை சினம் வந்தது.

வரதன் என்பவர் அலிபிரிப் பக்கத்தில் புதுவீடு கட்டியிருந்தார். வாயிற்கதவின் நடுவே பொருத்த, துருப்பிடிக்காத எஃகில் ஒரு வட்டம் வேண்டுமென்றார். வட்டத்துக்குள் நடுவில் திருமண் எனப்படும் நாமம், இருபுறமும் சக்கரமும் சங்கும். பின்னணித் தகடு கூடாது. வட்டத்தின் வழியே வீட்டு முற்றம் தெரியவேண்டும்.

படத்தைக் கேட்டதோடு அவர் நிறுத்தவில்லை. அவருடைய குடும்பம் வடகலை. மனைவி கோதை பிறந்த குடும்பம் தென்கலை. இரண்டின் திருமண்ணும் வேறு. வடகலையாருடையதில் இரு கோடுகளும் அடியில் வளைந்து கூடி அங்கேயே முடியும். தென்கலையாருடையதற்கு அவ்வளைவின் கீழே மூக்கின்மேல் இறங்கும் ஒரு பாதம் உண்டு. இத்திருமணத்தில் மனம் ஒப்பாத வரதனின் தந்தையார், சோளிங்கரில் தனியே வாழ்ந்துவந்தார். முதுமையில் இனித் தனிமை இயலாதென்ற நிலையில், மகனுடன் வந்து தங்க ஒருவழியாக இசைந்திருந்தார். ஒரே ஒரு நிபந்தனை: வாசலில் தம் குடும்பத் திருமண் இருக்கவேண்டும்.

"அது மட்டும் மாறித்துன்னா அப்பா ஆத்துக்குள்ள காலெடுத்து வைக்கமாட்டார் சார். வாசலோட திரும்பிப் போயிடுவார். எனக்கு அவரைத் தெரியும்" என்றார் வரதன்.

லோகேஸ்வரி அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். வடகலைத் திருமண்ணையே பிழையின்றி வரைந்தார். நிறம் தீட்டிய படத்தை வரதனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கைகூப்பும் குறியோடு ஒப்புதல் வந்தது. கணினியும் பிழையில்லை என்றது. கோப்பு என்னிடம் வந்தது.

3. கருப்பும் வெள்ளையும்

வெட்டுக்குப் போகும் கோப்பை நான் நிறத்தோடு பார்ப்பதில்லை. படத்தின் அடுக்குகளான லேயர்கள் எல்லாவற்றையும் திறந்து, உலோகம் நிற்கும் இடத்தைக் கருப்பாகவும் விழும் இடத்தை வெள்ளையாகவும் ஆக்கிப் பார்ப்பேன். கதவில் நாளை என்ன நிற்குமோ அதுவே அப்போது திரையில் நிற்கும்.

அன்று திரையில் நின்றது தென்கலைத் திருமண்.

காரணம் எளியது. பின்னணித் தகடு இல்லாத வட்டத்தில், வட்டத்தைத் தொடாத உருவம் எதுவாயினும் கீழே விழுந்துவிடும். சக்கரமும் சங்கும் வட்டத்தின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தன. நடுவிலிருந்த திருமண் எதையும் தொடவில்லை. அதைத் தாங்க, அதன் அடியிலிருந்து வட்டம் வரை ஒரு பட்டை வரையப்பட்டிருந்தது. தொழிலில் இதைப் பிரிட்ஜ் என்பார்கள். நான் முட்டு என்பேன். வளைவுக்குக் கீழே ஒரு முட்டு வந்தவுடன் அது பாதமாகிவிட்டது.

லோகேஸ்வரியை அழைத்துக் காட்டினேன்.

"சார், அது நாமம் கெடயாது சார், பிரிட்ஜு. லேயரு பேரே பிரிட்ஜுன்னு வெச்சிக்கீறேன் பாருங்க" என்றார்.

"வாசல்ல வந்து நிக்கிற பெரியவருக்கு லேயரோட பேர் எப்படியம்மா தெரியும்?"

அவர் திரையைப் பார்த்தார். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஐயோ, ஆமா சார்."

"அது போகட்டும். வரதனுக்கு அனுப்பின படத்துல இந்த முட்டு ஏன் இல்லை?"

"அசிங்கமா இருந்துது சார். அதான் அந்த லேயர ஆஃப் பண்ணிட்டு அனுப்சேன். எல்லாரும் அப்பிடித்தான் சார் செய்றாங்க."

எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்பது மெய்யே. என் எரிச்சலெல்லாம் அங்கேதான். வாடிக்கையாளருக்கு ஒரு படத்தைக் காட்டி ஒப்புதல் வாங்கிக்கொண்டு, இயந்திரத்துக்கு வேறொரு படத்தைக் கொடுக்கிறோம். அதற்குப் பெயர் ஒப்புதல்.

தொலைபேசி ஒலித்தது. முனிரத்தினம்.

"இன்னா சார், தகடு ஏத்தி, மெஷின் ரெடியா நிக்கிது. நீங்க அங்க சாமி படம் பாத்துக்கினு கீறீங்களா?"

நிலைமையைச் சொன்னேன்.

"சாமிக்குள்ள இந்தச் சண்டைலாம் மெஷினுக்குத் தெரியுமா சார்? பார்ட்டி ஓகே சொல்லிட்டாரு இல்ல? அப்பறம் இன்னா?"

"அவர் ஓகே சொன்ன படத்துல முட்டு கிடையாது."

"முட்டு இல்லாத எப்பிடி சார் நிக்கும்? காத்துலயா நிக்கும்?"

"மேலே ரெண்டு முனையையும் நீட்டி வட்டத்துல சேர்த்துடலாம்."

"வேணாம் சார். அம்மாம் நீளம், அவ்ளோ ஒல்லி. கதவ ரெண்டு தடவ டமார்னு சாத்தினா மேல வளஞ்சிக்கும். அப்பறம் அதுக்கும் என்னியதான் கேப்பாங்க. ஒரே ஒரு நாமத்துக்கு அரைநாளா? எனக்கே நாமம் போட்டுடுவீங்க போலகீதே! செப்பண்டி சார், சொல்லுங்க, வெட்டட்டுமா வேணாவா?"

"வேண்டாம்" என்றேன். அவர் தெலுங்கில் சொன்னதை இங்கே எழுத விரும்பவில்லை.

4. கோதை சொன்ன வழி

வரதனை வரச்சொன்னேன். மனைவியுடன் வந்தார். கருப்பு வெள்ளைப் படத்தைக் கண்டதும் முகம் வெளிறிவிட்டது. கோதைக்கோ சிரிப்புத் தாங்கவில்லை.

"ஏன்னா, இப்பதான் பார்க்க லட்சணமா இருக்கு. எங்கப்பாவுக்கு ஒரு போட்டோ அனுப்பட்டுமா?"

"விளையாடாதே கோதை. அப்பா பாத்திரத்தையெல்லாம் பக்கத்தாத்துக்குக் குடுத்துட்டு, பெட்டியைக் கட்டிண்டு உட்கார்ந்திருக்கார். இதைப் பார்த்தார்னா அந்தப் பெட்டியைக் கீழயே வைக்கமாட்டார். அப்புறம் அவர் எங்கே போவார்?"

கோதையின் சிரிப்பு நின்றது. நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரையின் முன் அமர்ந்தார். முட்டு எதற்கு என்று என்னிடம் விளக்கமாகக் கேட்டார். கீழே வைக்கலாகாது என்பதையும், மேலே வைத்தால் வளையும் என்பதையும் சொன்னேன்.

"மூணும் தனித்தனியா நிக்கறதாலதானே முட்டு வேண்டியிருக்கு? சக்கரத்தையும் சங்கையும் கொஞ்சம் கிட்ட வரச்சொல்லுங்கோ. ரெண்டு பக்கமும் அதுவே பிடிச்சுக்கட்டும்."

லோகேஸ்வரியிடம் அப்படியே செய்யச் சொன்னேன். சக்கரமும் சங்கும் சற்றுப் பெரிதாக்கப்பட்டன. ஒருபுறம் வட்டத்தையும் மறுபுறம் திருமண்ணையும் தொட்டன. தொடும் இடங்களில் வடிவங்களை ஒன்றாக இணைக்கவேண்டும். இல்லாவிட்டால் இயந்திரம் இணைப்பின் ஊடாகவே வெட்டிவிடும். லோகேஸ்வரி இணைத்தார். அடிமுட்டு இருந்த லேயரை அவர் மறுபடியும் மறைக்கப் பார்த்தார். நீக்கும்படி சொன்னேன்.

"இருந்துட்டுப் போட்டுமே சார், ஆஃப்லதான கீது."

"நீக்கும்மா."

நீக்கினார். பின்னர் கருப்பு வெள்ளைப் படத்தையே வரதனுக்கு அனுப்பி ஒப்புதல் கேட்டேன். எதிரில் அமர்ந்திருந்தவர் கைப்பேசியைத் திறந்து பார்த்துவிட்டு, "சார், கிருஹப்பிரவேசத்துக்குக் கருப்பா இருக்கே, அந்தக் கலர் படத்தையே அனுப்பக்கூடாதா?" என்றார். கோதை அவர் கையிலிருந்து கைப்பேசியை வாங்கி, "கருப்பு எஃகு சார், வெள்ளை ஆகாசம். புரிஞ்சுது" என்று ஒப்புதலைத் தாமே அனுப்பினார்.

5. வாசலில்

புதுமனை புகுவிழாவுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். தந்தையார் காரிலிருந்து இறங்கி வாயிற்கதவின் முன் நின்றார். பெட்டியைத் தம் கையிலேயே வைத்திருந்தார். வரதன் இரண்டடி தள்ளி நின்றார்.

பெரியவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். திருமண்ணின் அடியை நெடுநேரம் பார்த்தார். அதற்கும் வட்டத்துக்கும் இடையிலிருந்த வெற்றிடத்தில் விரலை நுழைத்து எடுத்தார். பிறகு அதே விரலால் திருமண்ணைச் சுண்டினார். அடிமுனை கிணுகிணுவென்று அதிர்ந்தது.

"டேய் வரதா, இது என்னடா இப்படி ஆடறது? யாருடா வேலை? கீழ ஒரு முட்டு குடுக்கணும்னு கூடவா தெரியலை?"

கோதை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மதிற்பக்கம் திரும்பிவிட்டார், தோள்கள் குலுங்கின. வரதன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"குடுத்தா பாதமாயிடும்ப்பா" என்றார் வரதன், மிக மெல்லிய குரலில்.

பெரியவர் மறுபடியும் குனிந்து பார்த்தார். ஆடிக்கொண்டிருந்த முனையை இரு விரல்களால் பிடித்து நிறுத்தினார். "ஓஹோ" என்றார். பிறகு, "ஆடினா ஆடிட்டுப் போறது" என்று சொல்லிப் பெட்டியை மருமகளிடம் நீட்டிவிட்டு, வலக்காலை எடுத்து உள்ளே வைத்தார்.

முனிரத்தினத்திடம் இதைச் சொன்னபோது, "நா அன்னிக்கே சொல்லல சார், முட்டு வேணும்னு?" என்றார். அன்று ஒரு பகற்பொழுது கெட்டதற்கு அக்குடும்பத்தின் பிடிவாதமே காரணம் என்று பிறரிடமும் சொல்லிவந்தார். அந்தக் கதைதான் தொழில்வட்டாரத்தில் பரவியது.

இளையோர் இதிலிருந்து கொள்ளவேண்டியது ஒன்றே. முட்டு நல்லதா தீயதா என்பது நம் ஆராய்ச்சிக்குரியதன்று. ஆடினாலும் போதும் என்று சொல்லும் உரிமை அப்பெரியவருக்கு உண்டு. ஆடாமல் இருக்கட்டும் என்று அவரறியாமல் ஒரு பட்டையைச் சேர்க்கும் உரிமை நமக்கில்லை. எது வெட்டப்படுமோ அதையே காட்டி ஒப்புதல் பெறுங்கள். படம் அழகற்றுத் தோன்றினால், அந்த அழகின்மையையும் வாடிக்கையாளர் பார்க்கட்டும்.

உலோக வெட்டில் என்னினும் தேர்ந்தோர் பலர் உண்டு. சமய அடையாளங்களைப் பற்றி நான் எழுதியதிலும் நுணுக்கம் பிழைத்திருக்கக்கூடும். பிழை கண்டோர் அன்புகூர்ந்து திருத்தித் தருக. ஒரு வேண்டுகோள் மட்டும்: எதை நீக்கினீர்கள், எதைச் சேர்த்தீர்கள் என்பது எனக்கும் தெரியும்படி திருத்துக.