சங்கீதம் அறுபத்தெட்டும் டிக்கெட் செக்கர் ஏசுபாதமும்

ஏசுபாதத்துக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. அதை ஒரு குறையாக அவர் நினைத்ததும் இல்லை. தாம்பரம் ஸ்டேஷனில் இருபத்திரண்டு வருஷம் டிக்கெட் செக்கராக நின்றவருக்கு அது சம்பளத்தோடு சேர்ந்து வந்த குணம். வருகிறவன் முகத்தை அவர் பார்க்கமாட்டார், கையைத்தான் பார்ப்பார். டிக்கெட் வைத்திருப்பவன் கை நேராக ஒரு பைக்குள் போகும். இல்லாதவன் கை சட்டைப்பை, பேண்ட்பை, பர்ஸ் என்று ஊர்சுற்றிவிட்டு, "இங்கதான் சார் வெச்சேன்" என்று வெறுமையாகத் திரும்பி வரும். அப்படிச் சொன்னவர்களில் நிஜமாகவே தொலைத்தவர்களும் இருந்திருப்பார்கள். ஏசுபாதம் ஒருவரையும் நம்பியதில்லை.

டூட்டி முடிந்து கறுப்புக் கோட்டைக் கழற்றி மாட்டலாம், கண்ணைக் கழற்றி மாட்ட முடியுமா? பெருங்களத்தூரில் அவர் வீட்டுக்கு வரும் பால்காரர், கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர், பக்கத்து வீட்டுப் பூனை, எல்லோரும் அந்தக் கண்ணுக்குத் தப்பித்துத்தான் பிழைத்தார்கள். சபையில் அவரைச் செயலாளராகத் தேர்ந்தெடுத்ததே இதற்காகத்தான். யார் ஆராதனைக்குப் பிந்தி வந்தார், யார் பாட்டு முடிவதற்குள் நழுவினார் என்று போதகருக்குத் தெரியாதது கூட ஏசுபாதத்துக்குத் தெரியும்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. வருஷத்தில் ஒரு ஞாயிறு, பெண்கள் ஞாயிறு. அன்றைக்கு மட்டும் ஒரு பெண் எழுந்து நின்று பேசலாம். பிரசங்க பீடத்தில் ஏறக்கூடாது, கீழே வேதம் வாசிக்கிற மேசையருகில் நிற்கவேண்டும். அதற்குப் பிரசங்கம் என்ற பெயரும் கிடையாது, 'செய்தி' என்பார்கள். அந்தச் செய்தியையும் பேசுகிற பெண் எழுதமாட்டாள். ஏசுபாதம் எழுதிக் கொடுப்பார், அவள் வாசிப்பாள். பதினோரு வருஷமாக இப்படித்தான். கடைசிப் பக்கத்தின் அடியில் அவருடைய கையெழுத்து இல்லாமல் எந்தப் பெண்ணையும் போதகர் அந்த மேசைப் பக்கம் விடமாட்டார்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் ஏசுபாதத்தின் மனைவி செல்வமேரியின் முறை வந்தது. செல்வமேரி வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ரவிக்கை தைப்பவள், அதிகம் பேசாதவள். அந்த வருஷத்துக்கு என்று குறித்து வந்த வசனம் வேதாகமத்தின் அறுபத்தெட்டாம் சங்கீதத்தில் பதினோராவது. ஆண்டவர் ஒரு வார்த்தை கொடுத்தார், அதை ஊருக்குச் சொல்கிறவர்கள் பெருங்கூட்டம் என்பது அதன் சாரம். ஏசுபாதம் ஒரே மாலையில் எழுதி முடித்துவிட்டார். அந்தப் பெருங்கூட்டம் என்பது போதகர்கள், சுவிசேஷகர்கள், மிஷனரிகள். பெண்கள் அவர்களுக்குச் சோறாக்கிப் போட்டு, ஜெபத்தில் தாங்கவேண்டும். மூன்று பக்கம் நல்ல எடுப்பாக வந்திருந்தது.

செல்வமேரி அதை வாசித்தாள். மடித்து அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"இது வேணாங்க. நானே எழுதிக்கிறேன்."

"இன்னாத்துக்கு? இதுல இன்னா கொறை கீது?"

"கொறைன்னு சொல்லல. பொம்பளைங்க ஞாயித்துக்கு இந்த வசனத்தை ஏன் குடுத்தாங்கன்னு இதுல இல்ல. இதுல பொம்பளையே இல்லையே."

இருபத்தாறு வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவள் திருப்பிக் கொடுத்த முதல் சாமான் அதுதான். ஏசுபாதத்துக்கு அன்று சோறு இறங்கவில்லை. இவளாகச் சொல்கிற பேச்சா இது? யாரோ சொல்லிக் கொடுக்கிறார்கள். யார்?

அடுத்த வாரம் சட்டை ஒன்றில் பித்தான் அறுந்துபோக, அவரே தைக்கலாம் என்று தையல் பெட்டியைத் திறந்தார். ஊசிகளுக்கு நடுவே மூன்று அட்டை டிக்கெட். பெருங்களத்தூரிலிருந்து தாம்பரத்துக்கு அடுத்த ஸ்டேஷனான சானடோரியம், போகவர. மூன்றும் செவ்வாய்க்கிழமை. ரயில்வேக்காரன் பெண்டாட்டி என்று சும்மா போகாமல் டிக்கெட் எடுத்திருக்கிறாளே என்று ஒரு நிமிஷம் பெருமையாக இருந்தது. மறு நிமிஷம் சந்தேகம் வந்தது. சானடோரியத்தில் இறங்கி எங்கே போகிறாள்? ஏன் சொல்லவில்லை?

கேட்கலாம்தான். கேட்டால் பதில் வரும், அந்தப் பதில் உண்மைதானா என்று எப்படித் தெரியும்? ஏசுபாதம் கேட்கவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை லீவு போட்டார், ஆனால் வழக்கம்போலக் கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்பினார். செல்வமேரி ஏறிய வண்டியில் இரண்டு பெட்டி தள்ளி ஏறினார். சானடோரியத்தில் அவள் இறங்கி, ஒரு துணிப்பையோடு சிட்லபாக்கத்தைப் பார்த்து நடந்தாள். ஏரி வற்றிப் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த வெயில் காலம். அவர் கோட்டுக்குள் வியர்த்துக்கொண்டு, கம்பத்துக்குக் கம்பம் ஒதுங்கிப் பின்னால் போனார்.

ஏரிக்கரைத் தெருவில் ஓடு வேய்ந்த ஒரு வீட்டுக்குள் அவள் நுழைந்தாள். எதிரே ஒரு இஸ்திரி வண்டி நின்றிருந்தது. ஏசுபாதம் அதன் பின்னால் மறைந்துகொண்டார்.

"இன்னா சார், துணி குடுக்கணுமா?" என்றார் இஸ்திரிக்காரர்.

"இல்லப்பா. நீ உன் வேலையப் பாரு."

அப்போதுதான் ஜன்னல் வழியாக அந்தக் குரல் கேட்டது. ஒரு ஆண்பிள்ளைக் குரல், வயதான குரல். தமிழில்லை, இங்கிலீஷ் இல்லை, தெலுங்கும் இல்லை. தொண்டையின் அடியிலிருந்து கரகரவென்று ராகம்போட்டு என்னவோ சொன்னது. பின்னாலேயே செல்வமேரியின் குரல் அதையே தட்டுத்தடுமாறித் திருப்பிச் சொன்னது.

ஏசுபாதம் முடிவுகட்டிவிட்டார். அந்நிய பாஷை. சந்தேகமே இல்லை. அந்த வருஷம்தான் அவர்கள் சபையிலிருந்து இரண்டு குடும்பம் விலகி, படப்பை ரோட்டில் ஒரு ஜெபவீட்டுக்குப் போயிருந்தது. அங்கே கை தட்டி, கண்ணை மூடி, யாருக்கும் புரியாத பாஷையில் ஜெபிப்பார்கள். அந்த இரண்டு குடும்பத்தின் பெயரையும் சபைப் பதிவேட்டிலிருந்து அடித்தது ஏசுபாதத்தின் பேனாதான். இப்போது அதே பேனாவால் சொந்தப் பெண்டாட்டியின் பெயரையும் அடிக்கவேண்டுமா? அவள் இல்லாத பெஞ்சுக்கு எதிரே உட்கார்ந்து எந்த முகத்தோடு பாடுவார்? கோபத்தைவிட பயம்தான் அதிகமாக இருந்தது.

செல்வமேரி வெளியே வந்து தெருமுனை திரும்பும்வரை பொறுத்தார். பிறகு போய்க் கதவைத் தட்டினார். மூக்குக்கண்ணாடி போட்ட எழுபது வயதுக்காரர் ஒருவர் திறந்தார்.

"உள்ள எந்த ஊழியம் நடக்குது? யார் நீங்க?"

"ஊழியமா? நான் சத்தியநாதன். வேதசாஸ்திரக் கல்லூரியில எபிரெயு பாஷை சொல்லிக்கொடுத்து ரிட்டையர் ஆனவன்" என்றார் அவர். "கோட்டைப் பார்த்தா நீங்கதான் ஏசுபாதம்னு தோணுது. உள்ள வாங்க தம்பி, வெயில்ல நிக்காதீங்க."

மேசையில் பெரிய புத்தகம் ஒன்று திறந்து கிடந்தது, கறுத்துத் தடித்த எழுத்துக்கள். பக்கத்தில் சத்தியநாதனின் மனைவிக்குச் செல்வமேரி தைத்துக் கொண்டுவந்த இரண்டு ரவிக்கை. கேட்டது ஜெபமில்லை, தாவீதின் பாஷையில் அதே அறுபத்தெட்டாம் சங்கீதம். அவர் கொடுத்த சொம்புத் தண்ணீரை ஏசுபாதம் ஒரே மூச்சில் குடித்தார். ஒரு சந்தேகம் தீர்ந்தது. ஆனால் அவர் ஏசுபாதம் ஆயிற்றே, தீர்ந்த இடத்தில் உடனே இன்னொன்று முளைத்தது.

"அப்போ செய்தியை எழுதிக் குடுக்கறது நீங்கதான்."

சத்தியநாதன் சிரித்தார். "நான் சொன்னது ஒண்ணே ஒண்ணு. இந்த வசனத்துல ஊருக்குச் சொல்ற பெருங்கூட்டம் பெண்கள் கூட்டம். மூலத்துல அப்படித்தான் இருக்கு. போர்ல ஜெயிச்சா சேதியை வீதியில பாடிச் சொல்றது அந்தக் காலத்துப் பெண்களோட வேலை. இதை முப்பது வருஷம் வகுப்புல சொல்லியிருக்கேன். ஒருத்தனும் கேக்காத கேள்வியை உங்க வீட்டம்மா கேட்டாங்க. அந்தப் பெண்கள் எங்க நின்னுக்கிட்டிருந்தாங்க, வீட்டுக்குள்ளயா, தெருவுலயான்னு. எனக்குப் பதில் தெரியல. போன வாரம் அவங்களே வந்து எனக்குச் சொன்னாங்க."

"இன்னா சொன்னா?"

"ஞாயித்துக்கிழமை கேட்டுக்குங்க."

வழி நெடுக ஏசுபாதம் இதை அலசிக்கொண்டே வந்தார். படித்த மனுஷர், ஒரு தையல்காரி சொல்லித் தெரிந்துகொண்டேன் என்கிறார். இதை எவன் நம்புவான்? பெருந்தன்மைக்காகச் சொல்கிறார். எழுதியது அவரேதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் செல்வமேரி நான்கு தாளைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். பேனாவையும் வைத்தாள். அவர் தாளை வெளிச்சத்தில் பிடித்தார். அவள் கையெழுத்துதான், கொக்கி கொக்கியாக. அடித்தல் திருத்தல் நிறைய இருந்தது. சத்தியநாதன் சொல்லச்சொல்ல எழுதியிருந்தால் இத்தனை அடித்தல் இருக்காது. இல்லை, அப்படித் தெரியவேண்டும் என்றே அடித்திருக்கலாம்.

"இதை நீதான் எழுதினியா?"

"ஆமா."

"அவர் எதுவும் சொல்லிக் குடுக்கல?"

"எவர்?" என்றாள் அவள். பேனாவை அவர் பக்கம் தள்ளினாள். "இஸ்திரி வண்டிக்குப் பின்னாடி நின்னுக்கினு இருந்தீங்களே, உள்ள வந்திருந்தா நீங்களே கேட்டிருக்கலாம். நான் சொல்லாம போனது தப்புதான். சொன்னா போவாதேன்னு சொல்லுவீங்க. இப்ப கையெழுத்து போடறதும் போடாததும் உங்க இஷ்டம். போடலன்னா நான் பேசல. ஆனா நீங்க எழுதினத நான் படிக்க மாட்டேன்."

ஏசுபாதத்துக்கு வெட்கம் பிடுங்கியது. கையெழுத்துப் போட்டார். நம்பிப் போட்டாரா என்றால், இல்லை. போடாவிட்டால் ஏன் என்று போதகர் கேட்பார், இஸ்திரி வண்டிக் கதை வெளியே வரும். அதற்காகப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை செல்வமேரி மேசையருகே போய் நின்றாள்.

அந்தச் சங்கீதத்தில் இந்த வசனத்துக்குச் சற்று முன்னால் மழை வருகிறது என்றாள். காய்ந்து கிடந்த பூமிக்குத் தேவன் மழையைக் கொடுக்கிறார், அதன் பிறகுதான் வார்த்தை, அதன் பிறகுதான் பெண்கள் கூட்டம். "யுத்தத்துக்குப் போனவங்க ராஜாக்களும் ஆம்பளைங்களும். ஜெயிச்ச சேதியை ஊருக்குச் சொன்னவங்க பொம்பளைங்க. அவங்க எங்க நின்னாங்கன்னு நான் யோசிச்சேன். நம்ம தெருவுல தண்ணி லாரி வருதே, அப்போ தெரிஞ்சுது."

பெண்கள் பக்கத்தில் ஒரு சலசலப்பு.

"லாரி எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. ரெண்டு நாள் வராது, மூணாம் நாள் பதினோரு மணிக்கு வரும், இல்ல மூணு மணிக்கு வரும். மெயின் ரோட்டுத் திருப்பத்துல ஒருத்தி நிப்பா. லாரியைப் பாத்ததும் அவ தன் குடத்தை முதல்ல வெச்சு இடம் பிடிக்கலாம். பிடிக்க மாட்டா. குடமும் கையுமா, லாரி வருது லாரி வருதுன்னு கத்திக்கினே தெருக்கோடி வரைக்கும் ஓடுவா. கேட்டவ அடுத்த தெருவுக்குச் சொல்லுவா. அவ திரும்பி வர்றப்போ எல்லாக் குடமும் வரிசையில இருக்கும், அவளுக்கு இடம் கடைசி. சேதி சொல்றவளுக்கு நஷ்டம் உண்டு. தெரிஞ்சேதான் சொல்றா. ஆண்டவர் வார்த்தையைக் குடுத்தது அப்படிப்பட்டவங்க கையிலதான்னு நான் நம்பறேன்."

உட்கார்ந்துவிட்டாள். போதகர் எழுந்து அடுத்த பாட்டின் எண்ணைச் சொல்ல மறந்து நின்றார்.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் ஆண்கள் ஏசுபாதத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். "இந்த வருஷம் பிச்சு உதறிட்டீங்க சார்" என்றார் ஒருவர். "தண்ணி லாரியைக் கொண்டுவந்து கோத்தீங்க பாருங்க, அங்கதான் நிக்கறீங்க" என்றார் இன்னொருவர். ஏசுபாதம் முதல் ஆளுக்குத் தலையாட்டினார். இரண்டாம் ஆளுக்கும் தலையாட்டிவிட்டார். மூன்றாவதாகப் போதகரே வந்து கையைப் பிடித்தபோது, அவர் தோளுக்கு மேலாகச் செல்வமேரி தெரிந்தாள். வாசற்படியில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே இந்தப் பக்கம் பார்த்தாள். ஒன்றும் எதிர்பார்க்காத பார்வை.

"நான் எழுதல பாஸ்டர்" என்றார். "முழுக்க மேரிதான் எழுதிச்சு. சத்தியமா."

போதகர் அவர் முதுகில் தட்டினார். "செயலாளருக்குத் தாழ்மை அதிகம்." எல்லோரும் சிரித்தார்கள். ஏசுபாதம் இன்னொரு தடவை சொன்னார், சத்தமாகவே சொன்னார். ஒருவரும் நம்பவில்லை. அவருக்குக் கண்ணில் நீர் முட்டியது.

பக்கத்தில் போய்க்கொண்டிருந்த அருள்மேரி நின்றாள். அவர் தெருவிலேயே நான்கு வீடு தள்ளியிருப்பவள், பெண்கள் சங்கத்துத் தலைவி.

"இவங்ககிட்ட இன்னாத்துக்குண்ணா சத்தியம் பண்றீங்க? நீங்க எழுதலன்னு எங்க எல்லாருக்கும் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"நம்ம தெருத் திருப்பத்துல நின்னுக்கினு, லாரி வருதுன்னு கத்திக்கினே ஓடறது யாரு, சொல்லுங்க பாப்போம்."

ஏசுபாதம் யோசித்தார். பதினோரு மணிக்கும் மூன்று மணிக்கும் அவர் தாம்பரம் ஸ்டேஷனில் நின்றிருப்பார். அவருக்குத் தெரியவில்லை.

"உங்க வூட்டம்மாதான்" என்றாள் அருள்மேரி. "ஆறு மாசமா."