மிதித்துப் பிடித்த மீன்

சின்னவளுக்குத் தையல் பிழைப்பு, தூண்டில் உயிர். காற்று அடங்கிக் கடல் தெளியும் மாதங்களில் விடுமுறை நாள் விடிந்தால் ஆளை வீட்டில் பார்க்க முடியாது. படகுகள் வருவதை என்றோ நிறுத்திவிட்ட பழைய துறைமேடை ஒன்று கரையில் உண்டு. பொழுதுபோக்குக்கு மீன் பிடிப்பவர்கள் அதன் நுனியில் வரிசைகட்டி உட்காருவார்கள். ஆளுக்கொரு நீளக் கோல், மடக்கு நாற்காலி. சின்னவளிடம் கட்டையில் சுற்றிய நைலான் நரம்பும் ஈயக்குண்டும் கொக்கியும்தான். நரம்பைச் சுட்டுவிரலில் போட்டுக்கொண்டு கண்ணை மூடிவிடுவாள். அலை ஆட்டுகிறதா, நண்டு நோண்டுகிறதா, மீன் வாய் வைக்கிறதா என்று விரலே சொல்லிவிடும். பிடித்த மீனைவிட, அது வாய் வைத்த நொடியைப் பற்றித்தான் வீட்டில் அண்ணனிடம் வாய் ஓயாமல் பேசுவாள்.

அந்த விரலில்தான் ஊசி ஏறியது. தடித்த பையொன்றின் மடிப்பைத் தைக்கும்போது மெஷின் ஊசி நகத்தைத் துளைத்து மறுபக்கம் வந்துவிட்டது. புண் ஆறி வேலைக்கும் திரும்பினாள்; விரலில் உணர்ச்சி மட்டும் திரும்பவில்லை. துணியைக் கண்ணால் பார்த்துத் தைத்துவிடலாம். தண்ணீருக்கடியில் கண்ணுக்கு என்ன வேலை?

சீசன் தொடங்கிய அன்று நரம்பை விரலில் போட்டாள். விரல் மரக்கட்டையாக இருந்தது. இழுத்துப் பார்த்தால் கொக்கியில் இறால் துண்டு இல்லை. எவனோ சாவகாசமாகத் தின்றுவிட்டுப் போயிருக்கிறான். இடது கைக்கு மாற்றினாள். அந்தக் கைக்கு எல்லாமே அலையாகத்தான் பட்டது.

பக்கத்தில் உட்காருபவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். அவருக்கு மனசு கேட்கவில்லை.

"என்கிட்ட இன்னொரு கோல் இருக்கும்மா. நுனியில மணி கட்டித் தரேன். மீன் கடிச்சா அதுவே அடிக்கும்."

"மணி அடிச்சாத்தான் வண்டிய எடுப்பேன்னு இருக்க நான் என்ன டிரைவரா சார்?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் வீட்டுக்கு வந்ததும் நரம்புக்கட்டையைப் பரண்மேல் போட்டுவிட்டாள்.

"என்ன, அவ்வளவுதானா?" என்றான் அண்ணன்.

"போதும்ணா. மீன் வேணும்னா மார்க்கெட்ல கிடைக்குது."

மார்க்கெட்டில் கிடைக்காத ஒன்றுக்காகத்தான் அவள் போய்க்கொண்டிருந்தாள் என்பது அண்ணனுக்குத் தெரியும்.

வாரக் கடைசியில் தையல் பட்டறையில் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். மடிப்பு ஊசிக்கு வருமுன்பே மிதியில் கால் தானாகத் தளர்ந்து, தாண்டியதும் அழுத்தியது. யாரும் சொல்லாமலே காலுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அன்று மாலையே பரணுக்கு ஏணி போட்டாள்.

விடுமுறையன்று துறைமேடை விளிம்பில் காலைத் தொங்கவிட்டு, நரம்பைக் கால் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டாள். அண்ணனும் துணைக்கு வந்திருந்தான். கொஞ்ச நேரத்தில் விரலடியில் ஒரு கூச்சம். அலை இல்லை, நண்டு இல்லை. அவள் முகம் மலர்வதற்குள் கால் டக்கென்று கீழே மிதித்தது. நரம்பு தொய்ந்தது, மீன் போயிற்று. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். பட்டறையில் ஊறிய கால், மேலே தூக்கு என்றால் கேட்குமா?

"மீனுக்குச் சட்டை தைக்கிறியாம்மா? அளவு எடுக்க விடாம ஓடுதே" என்றார் டிரைவர்.

"நிக்கச் சொல்லுங்க சார், எடுத்துக்கறேன்."

காலைத் திருத்த அவள் அன்று படாத பாடு பட்டாள். நடக்கவில்லை. "கை பழகுன மாதிரி இதுவும் பழகும், விடு" என்றான் அண்ணன். "இது பழகுச்சுன்னா திங்கக்கிழமை மெஷின் ஓடாதுண்ணா" என்றாள் சின்னவள்.

அடுத்த வாரம் விளிம்பில் உட்காரவில்லை. அங்கே முழங்கால் உயரத்தில் ஓர் இரும்புக் குழாய் தடுப்பாக ஓடுகிறது. அதற்கு இந்தப் பக்கம் முக்காலியைப் போட்டாள். துரு நரம்பை அறுக்காமலிருக்கக் குழாயில் ஒரு ரெக்சின் துண்டைச் சுற்றி, நெருக்கமாக நாலு தையல் போட்டாள். கடலிலிருந்து வந்த நரம்பு குழாயின்மேல் ஏறி, இறங்கி, அவள் கட்டைவிரலுக்கு வந்தது. இனி கால் கீழே போனால் நரம்பு மேலே வரும்.

வெயில் ஏறியது. கண்ணை மூடியிருந்தவளின் கால் சட்டென்று மிதித்தது. நரம்பு விறைத்து நின்றது. டிரைவர் தன் கோலை விட்டுவிட்டு எழுந்தே வந்துவிட்டார்.

"இழும்மா, இழு."

"மாட்டிக்கிச்சு பார், கையால இழு" என்றான் அண்ணனும்.

சின்னவள் கண்ணைத் திறக்கவில்லை. மீனின் துடிப்பு நரம்பு வழியே கட்டைவிரலுக்கு வந்துகொண்டிருந்தது.

"இருங்க. இப்பதான் பேசிக்கிட்டிருக்கான்."