டெல்மா டிக் அடிக்காத கட்டம்

கான்சாஸ் கோதுமை வயல்களுக்கு நடுவே தேனீ வளர்த்த டெல்மா ப்ரூயிட், அறுபத்தொரு வயதுவரை எந்தப் படிவத்திலும் ஒரு கட்டத்தில்கூட டிக் அடித்ததில்லை. ஒருவன் கேட்கிறான் என்றாலே உள்ளே ஏதோ இருக்கிறது என்பது அவள் எண்ணம்.

பக்கத்து நிலத்துக்காரன் விமானத்தில் பூச்சிமருந்து தெளித்ததில் அவளுடைய தேனீக்கள் கூண்டோடு செத்தன. வக்கீல்களை நம்பாததால் தானே வழக்குப் போடப் போனாள். நீதிபதி அந்த ஆளோடு மீன்பிடிக்கப் போகிறவர் என்று கேள்வி. போகட்டும், தீர்ப்புச் சொல்லப் போவது ஜூரியாக உட்காரும் ஊர்க்காரர்கள் பன்னிரண்டு பேர்தானே என்று நினைத்தாள்.

படிவத்தில் 'ஜூரி விசாரணை வேண்டுமா?' என்று ஒரு கட்டம் இருந்தது.

"தானா வர்ற ஜூரிய எதுக்கு வேணுமான்னு கேக்குற?" என்றாள் நீதிமன்றக் குமாஸ்தா ஜானெலிடம். "இதுல என்ன போடணும்?"

"அத நான் சொல்லக்கூடாதுங்க. சட்ட ஆலோசனை ஆயிடும்."

"சொல்லக்கூடாதா? அப்ப இதுல ஏதோ சூது இருக்கு."

கட்டத்தை வெறுமையாக விட்டு, படிவத்தை நீட்டினாள்.

விசாரணை நாளில் ஜூரியின் பன்னிரண்டு நாற்காலிகளும் காலியாக இருந்தன.

"எங்க அவங்க? வரவிடாம பண்ணிட்டீங்களா?"

"ஜூரி உங்க உரிமைம்மா," என்றார் நீதிபதி. "ஆனா நீங்க அந்தக் கட்டத்துல டிக் அடிச்சு கெடுவுக்குள்ள கேக்கலையே. இனி நான்தான் தீர்ப்புச் சொல்லணும்."

டெல்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என் உரிமைய நான் எதுக்கு உங்ககிட்ட கேக்கணும்?"