கையெழுத்துக்கு முன்னால் ஒரு சீவல்

உள்ளே என்ன இருக்கிறது என்று யாருமே பார்க்காத ஒரு கல், ஒரு வீட்டுக்குச் சமம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

எனக்கு விடை தெரியாது.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு, என் அண்ணனும் மதினியும் அந்தக் கணக்கைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்தில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார்கள்.

கல்லை ஒரு டவலில் சுற்றி மதினி மடியில் வைத்திருந்தார். (பிள்ளையைக்கூட இத்தனை பதமாகத் தூக்கி நான் பார்த்ததில்லை.)

தெரியாதவர்களுக்காக: நாற்பதுகளில் ரங்கூனில் குண்டு விழுந்தபோது, அப்பாவின் சித்தப்பா அங்கிருந்து நடந்தே ஊர் வந்து சேர்ந்தார். பையில் இந்தக் கல் இருந்ததாம். பெரிய மாங்காய் அளவு. வெளியே பழுப்புத் தோல், உள்ளே முழுக்க விலையுயர்ந்த பச்சைக்கல் என்று அவர் சொன்னார். அன்றிலிருந்து அது எங்கள் வீட்டு பீரோவில் இருக்கிறது. கிறிஸ்துமஸுக்குக் கழுவித் துடைப்பார்கள். வெட்டிப் பார்த்தவர் எவருமில்லை.

அப்பா போய்ச் சேர்ந்த பிறகு பாகப்பிரிவினை. திங்கட்கிழமை பத்திரப்பதிவு.

ஸ்ரீவில்லிபுத்தூர் வீடு அண்ணனுக்கு. கல் எனக்கு!

"ஒனக்குத்தாம்மா யோகம்! வித்தா வீட்டைவிடக் கூடப் போகும்," என்றார் மதினி.

நான் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். ஐம்பதை நெருங்குகிறேன். தனியாக இருக்கிறேன். பின்பக்கம் துணி துவைக்கும் இடத்தில் சின்னதாக ஒரு கல் அறுக்கும் மிஷின் வைத்திருக்கிறேன். ஓடைகளில் கல் பொறுக்கி வந்து, பலகை பலகையாக அறுத்துப் பார்ப்பது என் பொழுதுபோக்கு. (சிலர் சீரியல் பார்க்கிறார்கள்.)

"சரி அண்ணே. வெட்டிப் பாத்துருவோம்," என்றேன்.

"ஏட்டி, கிறுக்கா ஒனக்கு? கையெழுத்துப் போட்ட பொறவு வெட்டு!"

"வெட்டின பொறவுதான் கையெழுத்து."

"தோலை வெட்டினா மதிப்பு போயிரும்லா!"

"மதிப்பு உள்ள இருக்கா, தோல்ல இருக்கா?"

மதினிக்குப் பொறுக்கவில்லை. "பிள்ளைக்கு இப்பத்தான் சம்பந்தம் பேசிக்கிட்டு இருக்கோம். மாப்பிள்ளை வீட்டுல மொதல்ல கேட்டதே இந்தக் கல்லத்தான். அத்தைக்கு வேற யாரு இருக்கா, கடைசில நம்ம பிள்ளைக்குத்தான் வரும்னு அவியகிட்டச் சொல்லி வச்சிருக்கோம்!"

அப்படியா!

வீடும் அங்கே, கல்லும் அங்கே. நடுவில் நான் வெறும் பீரோ.

கண்ணாடி போட்டேன். மாஸ்க் போட்டேன். கல்லைப் பிடிமானத்தில் வைத்து இறுக்கினேன். தொட்டியில் தண்ணீர் ஊற்றி ஸ்விட்சைத் தட்டினேன்.

இந்த வட்டத் தகட்டுக்குப் பல் கிடையாது, விளிம்பில் வைரத்தூள்தான். அழுத்தித் தள்ளக் கூடாது. கல் எவ்வளவு வழி விடுகிறதோ அவ்வளவுதான் போக வேண்டும். அவசரப்பட்டால் தகடு கோணிக்கொள்ளும். சாம்பல் நிறச் சேறு சேலையெல்லாம் தெறித்தது. அண்ணன் "போதும், நிறுத்துட்டி" என்று கத்திக்கொண்டே இருந்தார்.

மிஷின் சத்தத்தில் எனக்கு எதுவும் கேட்கவில்லை. (கேட்டது.)

ஓரத்திலிருந்து ஒரு சீவல் கழன்று தொட்டியில் விழுந்தது. மிஷினை நிறுத்தி, கல்லைக் கழற்றி வைத்துவிட்டு, சீவலை எடுத்துக் கழுவினேன்.

சாம்பல். குறுக்கே ஒரு வெள்ளை வரி. பச்சை, பொட்டளவும் இல்லை!

செண்பகத்தோப்பு ஓடையில் பொறுக்கி நான் முன்பே அறுத்து வைத்திருந்த ஒரு துண்டைப் பக்கத்தில் வைத்தேன். எது எது என்று அண்ணனால் சொல்ல முடியவில்லை. அதற்காக இது பர்மாவிலிருந்து வரவில்லை என்று நான் சாதிக்க மாட்டேன். வெட்டிய இடத்தில் பச்சை இல்லை, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

"நீ வெட்டப்போயித்தான் பச்சை ஓடிப்போச்சு!" என்றார் மதினி.

"தப்பான பக்கம் வெட்டிட்ட. பச்சை நடுவுல இருக்கும்," என்றார் அண்ணன்.

"அப்ப நடுவுல வெட்டட்டா?"

அண்ணன் சட்டென்று கல்லை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"உள்ள இருக்குன்னு நெசமாவே நம்புதியளா அண்ணே?"

"நம்பாம? எம்புட்டு வருசமா வச்சுக் காப்பாத்துதோம்!"

"வீட்டுக்குச் சமம்?"

"சமந்தான்!"

"அப்பச் சரி. கல்ல நீங்க வச்சுக்கிடுங்க. வீட்ட நான் எடுத்துக்கிடுதேன்."

மதினி டவலைத் தேட ஆரம்பித்தார்.

"முழு வீடு வேண்டாம் அண்ணே. அப்பா வீட்டுல பாதி, அது எனக்கு வரணும். முடியாதுன்னா கல்லு எனக்குத்தானே? இங்கயே வச்சுட்டுப் போங்க. சாயங்காலத்துக்குள்ள அம்புட்டையும் பலகையாக்கிருதேன்."

இருவரும் கிளம்பினார்கள். கல்லை வைத்துவிட்டுப் போகவில்லை.

மறுநாள் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பத்திரம் எழுதுபவரிடம் புதுப் பத்திரம் தயாராக இருந்தது. வீட்டில் பாதி எனக்கு, பாதி அண்ணனுக்கு. கல் அண்ணனுக்கு. இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்ததும் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வெட்டிய சீவலைக் கேட்டார். கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

"ஏட்டி, வெட்டினது தெரியாம ஒட்டணும். எந்தப் பசை நல்லது?"

"எப்பாக்ஸி வாங்குங்க. ரெண்டு ட்யூப் குடுப்பான். ரெண்டுலயும் சம அளவு எடுத்துக் கலக்கணும் அண்ணே. ஒண்ணு கொறஞ்சாலும் ஒட்டாது."