ஓர எண்ணும் பதினோரு அடியும்

ஹட்டன் பஜாரில் எனக்கு ஒரு சின்ன வீடியோ கடை. படித்த தொழில் இல்லை. எதையும் பிரித்துப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டேன். "நீங்க பிரிக்காத ஒரே சாமான் ஒங்க பொண்டாட்டிதான்" என்பார் பக்கத்து மளிகைக்கடை முதலாளி.

கொழும்பில் மூடிய, ஃபிலிம் கழுவும் ஒரு லேப்பிலிருந்து ஃபிலிமின் ஓர எண்ணைப் படிக்கும் கருவி ஒன்று வாங்கிவந்திருந்தேன். ஃபிலிமைச் செய்யும்போதே விளிம்பில் எண்களும், பிஸ்கட் பாக்கெட்டில் இருப்பது போன்ற கோடுகளும் பதித்துவிடுவார்கள். கோடுகளைப் படித்து, இது எத்தனையாவது அடி என்று கருவி காட்டும். இங்கே அதற்கு ஒரு வேலையும் கிடையாது, அந்தப் பெண் வரும்வரை.

பூண்டுலோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு தகர டப்பாவோடு பஸ் ஏறி வந்தார். அவருடைய அக்கா, குடியிருந்த லயத்து வரிசை வீட்டோடு மண்சரிவில் போனவர். ஒரு போட்டோகூட மிஞ்சவில்லை. முன்பொரு முறை தோட்டத்தில் படமெடுத்த வெளியூர்க்காரர் இந்த நெகட்டிவ் சுருளை இவர் வீட்டில் வைத்துவிட்டுப் போனவர் திரும்பவேயில்லை. டப்பாவுக்குள் அந்த ஆள் கைப்பட எழுதிய ஒரு துண்டுத்தாள்: தராசுக்குப் பக்கத்தில் அக்கா சிரிக்கும் இடத்தின் ஓர எண்.

"போன திவசத்துக்கு வெறும் செவத்துல மாலை போட்டோம்ணே. மொகம் ஒண்ணு வேணும்."

"கெடைச்சா படம் எடுத்துக் குடுத்துரலாம் தங்கச்சி."

கருவியில் ஓட்டினேன். திரையில் எண் வரவில்லை, அதன் இடத்தில் வெறும் சின்னக் கோடுகள். இரண்டு பொத்தானை அமுக்கிக்கொண்டே சுவிட்சைப் போட்டால்தான் உள் அமைப்புகள் திறக்கும். கைதேர்ந்தவர் மட்டும் தொடவும் என்று கையேடு மிரட்டியது. என்னை யார் பார்க்கப்போகிறார்கள்? ஃபிலிமின் அகலம் முப்பத்தைந்து மில்லிமீட்டர் என்றிருந்ததைப் பதினாறாக்கினேன். என்னிடமிருந்த பழைய துண்டு ஒன்றை ஓட்டினேன், படித்தது. அவருடையதைப் படிக்கவில்லை. விளிம்பு பழுப்பேறிக் கிடந்தது. விளக்கின் ஒளியை ஒவ்வொரு படியாக ஏற்றினேன். எவ்வளவு கறுப்பைக் கோடென்று எடுத்துக்கொள்வது என்ற அளவை இறக்கினேன். ஏற்றி, இறக்கி, எழுதிவைத்து, மறுபடி ஏற்றி.

மத்தியானச் சோற்று நேரம் தாண்டியதும் எண் வந்தது.

"வந்துருச்சுண்ணே!" என்று துள்ளினார். "இந்தப் பொட்டிக்குக் கண்ணு தெறந்துருச்சு!"

நான் சுற்ற, அவர் தாளைப் பிடித்துக்கொண்டு எண்ணை உரக்கப் படித்தார். இன்னும் நாப்பது அடி. இன்னும் இருபது. கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் பெண்கள் கூடையோடு இறங்கி வருவது தெரிந்தது, தலைகீழ் நிறத்தில், கறுத்த பல்லோடு. இன்னும் பதினோரு அடி. சுருள் நின்றது.

மெல்ல இழுத்தேன். வரவில்லை. உள்ளே சுற்றுக்குச் சுற்று உருகி ஒட்டியிருந்தது. நகத்தால் ஓரத்தைப் பிரித்தபோது படம் தோலாக உரிந்து அடுத்த சுற்றின் முதுகில் தங்கிவிட்டது. கையில் வந்தது வெறும் கண்ணாடி மாதிரியான நாடா. இன்னொரு முறை முயன்றேன். அதுவும் அப்படியே. வினாகிரியின் புளிப்பு வாடை கடை முழுக்க அடித்தது.

"எப்புடிண்ணே ஒட்டிச்சு?"

"எங்க வச்சிருந்தீங்க?"

"அடுப்புக்கு மேல பலகையில. மழையில எல்லாம் பூசணம் பூத்துப்போவுது, அங்கதான் காய்ஞ்சிருக்கும்னு. அவரைவெத, புள்ளைக சேட்டிபிகேட்டு எல்லாம் அங்கதான்."

அவர் விரலால் அந்தப் பழுப்பைத் தடவி, மூக்கருகே வைத்துப் பார்த்தார். புகை.

"சூட்டுலயாண்ணே?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு வராத பேச்சா? ஆமென்று தலையாட்டினேன்.

"நாந்தான் வச்சேன்," என்றார். "அவ சாகறதுக்கு முந்தியே வச்சேன். தெனமும் அதுக்குக் கீழதான் தீ மூட்டுனேன்."

பதினோரு அடி பாக்கியிருந்த இடத்தின் எண் திரையில் அப்படியே நின்றது. அவர் அதைப் பார்க்கவில்லை, ஃபிலிமின் மேல் விழுந்த வெளிச்சத்தையே பார்த்தார்.

"அந்த லைட்ட அணைச்சிருங்கண்ணே. இனியும் சூடு வேணாம் அவளுக்கு."

அது சூடாகாத விளக்கு. அணைத்தேன்.