காலனிக்கு ஒரு பைப்பு

வேலந்தாவளம் போகும் சாலையில் பாதி தூரம் நடந்த பிறகுதான் டீக்கடைத் துண்டு இன்னும் என் தோளில் கிடப்பதைக் கவனித்தேன். திருப்பிக் கொடுக்கப் போகவில்லை. என்னை விரட்டிய இடத்துக்கு ஒரு துண்டுக்காகத் திரும்பி நடப்பானேன்?

எழுபதுகளின் நடுவில் ஒரு கோடை அது. தமிழும் மலையாளமும் கலந்த எல்லைப் பக்கம், கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே, அடுத்தடுத்து இருந்த இரண்டு ஊர்களிலும் கிணறுகள் வற்றிவிட்டன. நடுவில் புறம்போக்கில் ஒரு காலனி. அங்கிருந்த கூலிக்காரர்கள் தாங்களே பாறை உடைத்துத் தோண்டிய கிணற்றில் மட்டும் தண்ணீர் கிடந்தது. அதில் மோட்டார் வைத்து இரண்டு ஊர்களும் பங்கிட்டுக்கொள்வதற்கு ஒப்பந்தம் எழுத, கரார் என்பார்கள் அங்கே, இரண்டு பஞ்சாயத்துக்காரர்களும் பள்ளிக்கூடத்தில் கூடினார்கள். நான் அப்போது டீக்கடையில் வேலைக்கு இருந்தேன். கூட்டத்துக்குக் குடிதண்ணீர் சுமப்பது என் பாடு.

அந்தத் தண்ணீரும் காலனிக் கிணற்றுத் தண்ணீர்தான். காலனியில் ஒரு அக்கா இறைத்து ஊற்றுவார், நான் சுமப்பேன். "எந்தக் கெணத்துத் தண்ணின்னு வாயத் தொறந்துறாதேடா" என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். மழைக்காலத்தில் அதைக் கையால்கூடத் தொடாதவர்கள் இவர்கள். எங்கிருந்து வருகிறதென்று அன்று எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் கேட்கவில்லை. குடித்தார்கள்.

காலையெல்லாம் ஒரே சண்டை, கிணறு யார் எல்லையில், விடிகாலைத் தண்ணீர் யாருக்கு என்று.

"உங்க ஊர்ல வெயில் ஏறுனாத்தானுங்க எந்திரிப்பீங்க. சாயங்காலத் தண்ணி போதாதுங்களா?" என்றார் கிழக்கூர் பிரசிடெண்ட்.

"எந்திரிச்சு நிங்களப் போல மாட்டுச் சந்தைக்கு ஓடணுமோ?" என்றார் மேற்கூர் பிரசிடெண்ட்.

கடைசியில் நாள் விட்டு நாள் மாற்றிக்கொள்வதென்று முடிந்தது. ஒரு கிழவர் மட்டும் முனகினார். "குடிக்கிற தண்ணியாச்சே. காலனிக் கெணறு..."

"பைப்புல வந்தா எல்லாத் தண்ணியும் ஒண்ணுதானுங்க" என்றார் கிழக்கூர்க்காரர். கூட்டம் நிம்மதியாகச் சிரித்தது. அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன்.

வாசலில் நின்றிருந்த அந்த அக்கா அப்போது பேசினார். "ஏனுங்க, காலனிக்கும் ஒரு பைப்பு எழுதிக்கோங்க."

"உங்குளுக்குத்தான் கெணறே இருக்குதே!" என்றார் கிழக்கூர்க்காரர்.

"மோட்டாரு ஓடுனா கெணத்துல என்னங்க இருக்கும்? எங்க கயிறுக்கு எட்டுமுங்களா?"

காலனி எந்தப் பஞ்சாயத்து என்று, மோட்டார் வைக்க இடம் பார்க்க வந்திருந்த எஞ்சினீயர் கேட்டார். கிணறு தன் எல்லையில்தான் என்று காலையில் அடித்துக்கொண்ட இருவரும், அங்கே குடியிருப்பவர்கள் உங்கள் ஆட்கள் என்று இப்போது ஒருவரையொருவர் கைகாட்டினார்கள். அடுத்த கூட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று கையெழுத்துப் போட்டார்கள். போட்ட கையோடு மேற்கூர்க்காரர் இன்னும் கொஞ்சம் கேட்டு டம்ளரை என் பக்கம் நீட்டினார். "கொறச்சு தண்ணி."

குடத்தை அவர் காலடியில் கவிழ்த்தேன்.

கடைக்காரர் பிடரியில் அறைந்தார். இரண்டு பேர் சாலை வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்து விட்டார்கள். அதெல்லாம் எனக்குப் பழக்கம். அந்த அக்கா பின்னாலேயே வந்தார். மெச்சத்தான் வருகிறார் என்று நின்றேன்.

"அதை எறைச்சது நானு. கொட்டறதுக்கு நீ ஆரு? நீ பாட்டுக்கு நடந்துருவே. நாளைக்கும் நாந்தானே இவங்க வாசல்ல வந்து நிக்கோணும்?"

சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்ப் பள்ளிக்கூட வாசலில் பழைய இடத்திலேயே நின்றுகொண்டார்.

வேலந்தாவளம் வரைக்கும் வாய்விட்டுத் திட்டிக்கொண்டே நடந்தேன். இரண்டு ஊர்களையும், எஞ்சினீயரையும், கொஞ்ச தூரம் அந்த அக்காவையும். சந்தைத் திடலில் படுத்துக்கொண்டேன். மறுநாள் மாட்டுச் சந்தை. விடிந்ததும் ஒரு வியாபாரி தட்டி எழுப்பி வேலை கொடுத்தார். தொட்டியில் தண்ணீர் நிரப்பி அவருடைய மாடுகளைக் குடிக்கவிட வேண்டும்.

"ஒண்ணக்கூட உட்றாதீங்க தம்பி. தண்ணி வேணும்னு அதுக வாயத் தொறந்து கேக்குமுங்களா?" என்றார்.

வாளியை எடுத்தேன்.