மரக்கூரைக்குக் கீழே ராஜா

டென்மார்க்கின் குடெனோ ஆற்றுப் படகில் நானும், பிராண்டே தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்த ஓர் அண்ணையும் போனோம். தொண்டைச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு அவருடைய குரல் பாதியாகிவிட்டது. விளையாட்டு மண்டபத்தில் தமிழர் சங்கம் போடும் நாடகத்தில் ராஜா வேடம் எப்போதும் அவருக்குத்தான். இந்த முறை சட்டையில் மைக் குத்தச் சொன்னார்கள். மைக்கோடு நடிப்பதைவிட வீட்டில் இருக்கலாம் என்று முறுக்கிக்கொண்டு திரிந்தார். சங்கம் பதிலுக்குக் காத்திருந்தது.

ஆற்றங்கரை ஊரொன்றில் படகை நிறுத்தி, பழைய நாடக அரங்கு ஒன்றைப் பார்க்க விட்டார்கள். முன்பு அகதி முகாமில் நான் படுத்த மண்டபமே அதைவிடப் பெரியது. ஆனால் இப்படி ஒரு வேலைப்பாட்டை நான் எங்கும் கண்டதில்லை. கூரை முழுக்க வளைத்துப் பொருத்திய பலகை. மேல்தட்டில் ஒரு மரத்தொட்டி; அதில் கற்களை உருட்டினால் நாடகத்துக்கு இடிச்சத்தம் வருமாம். வழிகாட்டிப் பெண் உருட்டிக் காட்டியபோது எனக்கு மயிர் சிலிர்த்தது.

மேடையில் யாரும் ஏறக்கூடாது என்று அவர் டேனிஷில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அண்ணை சப்பாத்தைக் கழற்றிவிட்டார். குனிந்து மேடை விளிம்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார். ஏறுகிற மேடையை எங்கள் நடிகர்கள் கும்பிடாமல் ஏறமாட்டார்கள். என்ன செய்கிறார் என்று அந்தப் பெண் கேட்டார். என் அரைகுறை டேனிஷில் விளக்கினேன். அவர் அண்ணையின் காலுறையைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார், பிறகு ஏறச் சொல்லிக் கைகாட்டினார்.

நான் கடைசி வரிசை வாங்குக்குப் போய் நின்றேன். அண்ணை கத்தவில்லை, பக்கத்தில் இருப்பவனிடம் கதைப்பதுபோல ஏதோ சொன்னார்.

"கேட்டதோ?"

"ஓம் அண்ணை."

"பொய் சொல்லாதை. என்ன சொன்னனான்?"

"மொட்டைத் தலையனுக்கு என்னத்துக்கடா பொக்கற்றில சீப்பு எண்டனியள்."

வழிகாட்டிக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் என் மொட்டைத் தலையைத் தடவ, நாங்கள் சிரித்ததைப் பார்த்து அவரும் சிரித்தார். அண்ணை கூரையை அண்ணாந்து பார்த்து, "இந்தப் பலகைதான் குரலைக் கொண்டுபோகுது," என்றார்.

படகுக்குத் திரும்பியதும் சங்கத் தலைவரை அழைத்தார். "உங்கட விளையாட்டு மண்டபத்தில நல்ல கூரை இல்லை. அந்தப் பலகை செய்யிற வேலையை மைக் செய்யட்டும், குத்துங்கோ," என்றார். பதில் பிந்திவிட்டது என்று மறுமுனையில் தலைவர் ஏதோ சொன்னார். அண்ணையின் முகம் சிவந்தது.

"மந்திரி வேசமோ? எனக்கோ? ராஜா நான்தான்."